ஜானி ஹார்ட்மனின் காதல் பாடல்களைச் செவிமடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1963 மார்ச் 7 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னும் ஊரில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறு காதல் பாடல்கள் பதிவாயின. பாடியவர் ஜானி ஹார்ட்மன். சாக்ஸபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். கோல்ட்ரேனின் குழுவைச் சேர்ந்த மெக்காய் டைனர் பியானோவும், ஜிம்மி கேரிசன் தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவியான பேஸும், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸும் வாசித்தார்கள். இம்பல்ஸ் நிறுவனத்துக்காக பாப் தீல் தயாரித்த இந்த இசைத்தட்டின் மொத்த நேரம் ஏறத்தாழ முப்பத்தொரு நிமிடம்தான். ஜாஸ் பாடகர்கள் பழைய காதல் பாடல்களை எப்படித் தமதாக்கிக் கொள்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறவருக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் முதன்முறை கேட்கிறவருக்கு ஆறு பாடல்களும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எல்லாமே மெதுவான நடை, எல்லாவற்றிலும் ஒரே கனிந்த ஆண்குரல், பின்னால் சாக்ஸபோன். ஜாஸ் என்றாலே மெட்டைக் கலைத்துப் புதிதாகக் கட்டும் கலை என்று கேள்விப்பட்டு வருகிறவர், ஹார்ட்மன் மெட்டை ஏறத்தாழ எழுதியபடியே பாடுவதைக் கேட்டு, இதில் ஜாஸ் எங்கே இருக்கிறது என்று வியப்பதும் இயல்பே. அது நேரத்தில் இருக்கிறது. ஒரு சொல் தாளத்தின் எந்தப் புள்ளியில் வந்து விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே எப்படி அடங்குகிறது என்னும் மூன்று முடிவுகளிலேயே இந்த வகைப் பாடகரின் கற்பனை முழுவதும் செலவாகிறது. அந்த மூன்றையும் கேட்கக் காதைப் பழக்குவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம். மேற்கத்திய இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல ஹெட்போனும், ஒரு குறிப்பேடும், யாரும் குறுக்கிடாத சில மாலைப் பொழுதுகளும் போதும்.

முதற்படி: பாடலின் உடலமைப்பை அறிந்துகொள்ளுதல்

ஜாஸ் உலகில் ஸ்டாண்டர்டு என்று சொல்லப்படுபவை, பெரும்பாலும் 1920களுக்கும் 1950களுக்கும் இடையில் நியூயார்க்கின் பிராட்வே இசைநாடகங்களுக்காகவும் ஹாலிவுட் படங்களுக்காகவும் எழுதப்பட்ட பாடல்கள். இர்விங் பெர்லின், ஜெரோம் கெர்ன், கோல் போர்ட்டர், ஜார்ஜ் கெர்ஷ்வின், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் போன்றோரின் ஆக்கங்கள் இவற்றில் முதன்மையானவை. நாடகத்தில் ஒரு பாத்திரம் ஒரு சூழலில் பாடியது, நாடகம் நின்றுபோன பின்னும் தனித்து வாழத் தொடங்கி, நூற்றுக்கணக்கான பாடகர்களின் பொதுச்சொத்தாக மாறிவிடுகிறது. ஆகவே இங்கே ஒரு பாடல் ஒரே குரலுக்கு உரிமையானது அல்ல. ஒரே கீர்த்தனையைப் பல வித்வான்கள் பாடக் கேட்டுப் பழகியவருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

இத்தகைய பாடல்களில் மிகுதியானவை முப்பத்திரண்டு சுற்றுகள் கொண்டவை. சுற்று என்று நான் குறிப்பிடுவது நான்கு தட்டு அடங்கிய ஓர் அளவை. எட்டுச் சுற்றுக்கு ஒரு பத்தியாக நான்கு பத்திகள் வரும். முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் ஏறத்தாழ ஒரே மெட்டில் அமையும்; மூன்றாவது மட்டும் வேறு மெட்டுக்குப் போய்த் திரும்பும். அந்த மூன்றாவது பத்தியைப் பிரிட்ஜ் என்பார்கள். பாடலின் மனநிலை மாறுவதும், கேள்வி எழுவதும், ஒப்புதல் வாக்குமூலம் வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஹார்ட்மன் இசைத்தட்டின் மூன்றாவது பாடலான 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்' இந்த அமைப்புக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கை வுட் மெட்டமைத்து ராபர்ட் மெலின் எழுதியது. இதை எடுத்துக்கொண்டு, காலால் தட்டிச் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். கோல்ட்ரேன் முதலில் பாடலை முழுமையாக ஒருமுறை வாசிக்கிறார். ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழிந்த பிறகே குரல் நுழைகிறது. சாக்ஸபோனில் ஒருமுறை, குரலில் ஒருமுறை என இரண்டு முறை இந்த நான்கு பத்திகளையும் எண்ணி, பிரிட்ஜ் தொடங்கும் இடத்தில் மெட்டு ஒளி மங்கியதுபோல் மைனர் என்னும் சோகச் சாயலுக்கு மாறுவதை அடையாளம் காண முடிந்துவிட்டால் இந்தப் படி நிறைவேறியது. எண்ணிக்கை தவறினாலும் கவலைப்பட வேண்டாம். மாறுதல் நிகழும் இடம் தெரிந்தால் போதும்.

இரண்டாம் படி: சொற்களை இசையில்லாமல் வாசித்தல்

பலர் தாண்டிச் சென்றுவிடும் படி இது. பாடல் வரிகளைக் கண்ணால் வாசித்து, அவற்றின் பொருளைத் தமிழில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்த நிலையில் பேசுகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டின் முதற்பாடலான 'தே சே இட்ஸ் வொண்டர்ஃபுல்' இதன் பயனைக் காட்டும். இர்விங் பெர்லின் 1946இல் 'ஆனி கெட் யுவர் கன்' என்ற இசைநாடகத்துக்காக எழுதிய பாடல் இது. காதல் அற்புதமானது என்று ஊரார் சொல்கிறார்கள், யார் சொன்னார்கள் என்று நினைவில்லை, எங்கும் படித்ததாகவும் இல்லை, ஆனாலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதே இதன் சாரம். அதாவது பேசுகிறவர் காதலைத் தாம் அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கேள்விப்பட்டதை மட்டுமே சொல்கிறார். நாடக மேடையில் துப்பாக்கி சுடுவதில் வல்லவர்களான ஒரு பெண்ணும் ஆணும் தம் உள்ளத்தை மறைத்துக்கொண்டு இதைப் பாடினார்கள். ஹார்ட்மன் பாடும்போது அந்தச் சூழலே மாறிவிடுகிறது. எதையும் மறைக்க வேண்டிய தேவையற்ற, வயதும் அனுபவமும் கனிந்த ஒருவர், பிறர் சொன்ன சொல் உண்மைதான் என்று உறுதிப்படுத்துவதுபோல் அது ஒலிக்கிறது. சொற்கள் அப்படியே இருக்கின்றன, சொல்லுகிறவர் மாறிவிட்டார். ஸ்டாண்டர்டு பாடலைத் தமதாக்குவது என்பதன் பொருள் முதலில் இதுதான்.

மூன்றாம் படி: மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தொலைவைக் கேட்டல்

1920களின் நடுப்பகுதி வரை பாடகர்கள் அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உரக்கப் பாட வேண்டியிருந்தது. ஒலிப்பதிவும் கூம்புக் குழாய்க்குள் பாடிச் செய்யப்பட்டது. 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வணிக அளவில் வந்தபோது, மைக்கின் அருகே நின்று பேசும் குரலில் பாடுவது முதன்முறையாக இயன்றது. பிங் கிராஸ்பி போன்றோர் அந்த வாய்ப்பைக் கலையாக்கினார்கள். காதல் பாடலின் இயல்பையே இது மாற்றிவிட்டது. ஊரறியச் சொல்லும் அறிவிப்பாக இருந்தது, ஒருவர் காதருகே சொல்லும் பேச்சாக ஆயிற்று.

இந்த மாற்றத்தை ஒரே பாடலில் கேட்க முடியும். இசைத்தட்டின் ஐந்தாவது பாடலான 'யூ ஆர் டூ பியூட்டிஃபுல்', ராட்ஜர்ஸும் லோரன்ஸ் ஹார்ட்டும் எழுதி, 1933இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்தில் ஆல் ஜால்சன் பாடியது. ஜால்சன் மைக் இல்லாத மேடைகளில் உருவான பெருங்குரலர். முதலில் அவர் பாடியதைத் தேடிக் கேளுங்கள்; பிறகு ஹார்ட்மனைக் கேளுங்கள். ஒருத்தியின் அழகு தனக்கு மட்டும் உரியதாக இருக்குமா என்று ஐயுறும் ஒருவரின் சொற்கள் அவை. உரக்கச் சொன்னால் முறையீடாகிவிடும் அந்த ஐயத்தை ஹார்ட்மன் தாழ்ந்த குரலில் சொல்கிறார். அப்போது குற்றச்சாட்டு மறைந்து வருத்தம் மட்டும் எஞ்சுகிறது.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை: மூச்சு உள்ளிழுக்கும் ஒலி கேட்கிறதா, உதடுகள் சேரும் மெய்யெழுத்துகள் எவ்வளவு மென்மையாக விழுகின்றன, கீழ்ச்சுரங்களில் குரல் நெஞ்சிலிருந்து வருவதுபோல் அதிர்கிறதா. ஹார்ட்மனுடையது பாரிட்டோன் எனப்படும், சற்றுத் தாழ்ந்த ஆண்குரல். அவருடைய கீழ்ச்சுரங்களில் ஓர் அமைதி உண்டு. அந்தக் குரலைக் காட்டிப் பெருமைப்படும் எண்ணம் அவரிடம் எந்த இடத்திலும் தெரிவதில்லை என்பதே எனக்கு மிகவும் பிடித்தது.

நான்காம் படி: சொல் தாளத்தில் எங்கே விழுகிறது என்று அளத்தல்

இந்த வழிகாட்டியின் நடுநாடி இதுவே. இதற்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

பேஸ் வாசிப்பவரின் ஒலியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கையால் தட்டுங்கள். தட்டு உறுதியான பிறகு, ஒவ்வொரு வரியின் முதற்சொல்லும் தட்டின்மேல் விழுகிறதா, சற்றுப் பிந்தி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அச்சிட்ட இசைக்குறிப்பில் தட்டின்மேலேயே எழுதப்பட்டிருக்கும் சொல்லைப் பாடகர் வேண்டுமென்றே தாமதிக்கிறார். தாளம் முன்னே செல்கிறது. சொல் பின்னே வருகிறது. வரியின் இறுதிக்குள் இரண்டும் எப்படியோ ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. முன்வைத்த காலை எண்ணி எண்ணி வைக்காமல், உடன் வருபவரிடம் பேசிக்கொண்டே நடப்பவரின் நடையைப் போன்றது இது. தாளம் தெரியாததால் வரும் தாமதத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சில நாள் பயிற்சியிலேயே காது உணர்ந்துவிடும். தாளம் அறியாதவர் பிந்தும்போது நமக்குப் பதற்றம் உண்டாகிறது. தாளத்தை முழுவதும் கையில் வைத்திருப்பவர் பிந்தும்போது, அடுத்த சொல்லுக்காக நாமே சாய்ந்து காத்திருக்கிறோம்.

காதல் பாடலில் இந்தத் தாமதம் ஏன் இவ்வளவு பொருள் பொதிந்ததாக இருக்கிறது? மனத்தில் ஆழ்ந்த ஒன்றைச் சொல்ல வருகிறவர் சற்றே தயங்குவது மனித இயல்பு. ஒப்பித்த வசனம் சரியான நேரத்தில் வந்துவிடும். நினைத்துச் சொல்லும் சொல் ஒரு நொடி பிந்தும். தாமதித்துப் பாடும்போது, முன்பே யாரோ எழுதிவைத்த வரி அந்தக் கணத்தில்தான் பாடகருக்குத் தோன்றியது போன்ற மயக்கம் நமக்கு ஏற்படுகிறது.

இக்கலையின் ஆசான் பில்லி ஹாலிடே. 1915இல் பிறந்த அவர், 1930களின் நடுப்பகுதியில் பியானோ கலைஞர் டெட்டி வில்சனுடன் பதிவு செய்த பாடல்களிலேயே இது முழுமை பெற்றிருக்கிறது. அவருடைய குரலின் வீச்சு சிறியது. அதனால் உயரச் செல்லும் மெட்டுகளைச் சில சுரங்களுக்குள் சுருக்கிக்கொண்டு, மாற்றங்கள் அனைத்தையும் நேரத்தில் செய்தார். 1941இல் அவர் பதிவு செய்த 'ஆல் ஆஃப் மீ' பாடலைப் பத்து முறை கேளுங்கள் என்பேன். முதல் ஐந்து முறை தட்டிக்கொண்டு கேளுங்கள். அடுத்த ஐந்து முறை அவருடன் சேர்ந்து வாய்க்குள் பாட முயலுங்கள். நீங்கள் ஒவ்வொரு வரியிலும் அவரை முந்திவிடுவதை உணர்வீர்கள். அந்த முந்துதலின் அளவுதான் அவருடைய கலையின் அளவு.

அதன்பின் ஹார்ட்மனிடம் திரும்புங்கள். ஹாலிடேயின் தாமதம் வெளிப்படையானது. ஹார்ட்மனுடையது மிக நுண்ணியது. வரியின் தொடக்கத்தில் பெரும்பாலும் தாளத்தோடு ஒட்டியே நின்று, நடுவில் ஒரு சொல்லை மட்டும் இளைப்பாற விட்டு, பின்வரும் சொற்களைப் பேச்சுவேகத்தில் சேர்த்துச் சொல்லி முடிப்பார். 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்' பாடலில் தலைப்புத் தொடர் முதல், இரண்டாம், நான்காம் பத்திகளின் முடிவில் மும்முறை வருகிறது. அந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, எந்தச் சொல் நீண்டது, எது குறுகியது, எங்கே சிறு இடைவெளி விழுந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று இடத்திலும் சொற்கள் ஒன்றே என்பதால் வேறுபாடு எளிதில் புலப்படும்.

ஐந்தாம் படி: மூச்சும் முடிவும்

ஒரு வரியைப் பாடகர் எங்கே மூச்செடுத்து உடைக்கிறார் என்பது அவர் பொருளை எப்படி அறிந்திருக்கிறார் என்பதைக் காட்டிவிடும். மெட்டின் வசதிக்காக எழுவாயையும் பயனிலையையும் பிரித்துவிடும் பாடகர்கள் பலர். ஃபிராங்க் சினாட்ரா இளமையில் டாமி டோர்சியின் குழுவில் பாடியபோது, டோர்சி டிராம்போனில் மூச்சு விடும் இடமே தெரியாமல் நீண்ட தொடர்களை வாசிப்பதைக் கவனித்துத் தம் பாடலுக்கு அதைக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வரிகளை ஒரே மூச்சில் இணைத்தால், கேட்பவருக்கு இரண்டு வரிகள் மறைந்து ஒரு நினைவு மட்டும் கிடைக்கிறது.

வரியின் முடிவையும் கேளுங்கள். நீண்ட சுரத்தின் தொடக்கத்தில் குரல் நேராக நின்று, அடங்கும் தறுவாயில் மட்டும் மெல்லிய அதிர்வு வருகிறதா? அல்லது தொடக்கம் முதலே அதிர்கிறதா? இந்த அதிர்வை வைப்ரேட்டோ என்பார்கள். அதை அடக்கி வைத்திருந்து கடைசியில் அவிழ்த்துவிடுவது ஹார்ட்மனின் வழக்கம். சாக்ஸபோனும் அதே முறையில் அடங்குவதால், சில இடங்களில் குரல் முடிந்து கருவி தொடங்கும் எல்லை தெரிவதில்லை.

ஆறாம் படி: உடன் வாசிப்பவர்களைக் கேட்டல்

கோல்ட்ரேன் அக்காலத்தில் புயல்போல் வாசிப்பவர் என்று பெயர் பெற்றிருந்தார். அவருடைய நீண்ட, ஆவேசமான வாசிப்பைச் சில விமர்சகர்கள் ஜாஸுக்கே எதிரானது என்றுகூட 1961இல் எழுதினார்கள். எல்வின் ஜோன்ஸும் ஒரே நேரத்தில் பல தாளங்களை எழுப்பிக் கூடத்தையே அதிரச் செய்பவர். அத்தகையவர்கள் ஒரு பாடகருக்குப் பின்னால் இவ்வளவு அடங்கி வாசிப்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. ஜோன்ஸ் கம்பிப் பிரஷ்களால் டிரம்ஸின் தோலைத் தேய்க்கும் ஒலியை மட்டும் ஒருமுறை தனியே தொடர்ந்து கேளுங்கள். 'ஆட்டம் செரனேட்' பாடலில் அந்த நடை லத்தீன் அமெரிக்கச் சாயலுக்கு மாறுவதும் அப்போது தெரியவரும்.

பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியில், சாக்ஸபோன் ஒரு சிறு விடை சொல்லும். பில்லி ஹாலிடேவுக்கு லெஸ்டர் யங் இப்படித்தான் துணை நின்றார். ஹாலிடேவுக்கு 'லேடி டே' என்று பெயரிட்டவரும் யங்தான். பாடலின் சொற்களை அறியாமல் அதை வாசிக்கக் கூடாது என்பது யங்கின் கொள்கை. கோல்ட்ரேனின் வாசிப்பிலும் அதை உணரலாம். 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்' பாடலின் முதற்பகுதியை, இரண்டாம் படியில் வாசித்த சொற்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே கேளுங்கள். கருவியில் சொற்கள் கேட்கத் தொடங்கும். ஹார்ட்மன் நுழையும்போது, ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்றை அவர் மறுமுறை சொல்வதுபோல் இருக்கும். நான் இந்தப் பயிற்சியைச் செய்த மாலையில்தான் இந்த இசைத்தட்டு எனக்கு உண்மையாகத் திறந்தது.

ஏழாம் படி: 'லஷ் லைஃப்' என்னும் கடினமான பாடலுக்குள் செல்லுதல்

நான்காவது பாடலை இதுவரை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. அது மற்ற ஐந்தைப் போன்றது அல்ல.

பில்லி ஸ்ட்ரேஹார்ன் பிட்ஸ்பர்க்கில் இளைஞராக இருந்த 1930களில் இதை எழுதினார். ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் உற்ற துணைவராக அவர் அறியப்படுவதற்கு முன்பே உருவான பாடல் இது. 1948இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கே டேவிஸ் பாட, ஸ்ட்ரேஹார்ன் பியானோ வாசிக்க, பொதுமேடைக்கு வந்தது. மறுஆண்டில் நேட் கிங் கோல் பதிவு செய்தார். 1958இல் ஃபிராங்க் சினாட்ரா இதைப் பதிவு செய்ய முயன்று பாதியில் கைவிட்டார். அவ்வளவு வழுக்கலானது இதன் மெட்டு. ஹார்ட்மனின் இசைத்தட்டிலும் இது முதலில் திட்டமிடப்பட்டிருக்கவில்லை. ஒலிப்பதிவுக்குக் காரில் செல்லும் வழியில் வானொலியில் நேட் கிங் கோல் பாடியதைக் கேட்டு, இதையும் சேர்க்க வேண்டும் என்று தாம் முடிவு செய்ததாக ஹார்ட்மன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பல ஸ்டாண்டர்டு பாடல்களுக்கு முன்னுரை போன்ற ஒரு பகுதி உண்டு. அதை வெர்ஸ் என்பார்கள். நாடகத்தில் பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் படிக்கட்டாக அது பயன்பட்டது. ஜாஸ் பாடகர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நேரே பாடலின் உடலுக்கு வந்துவிடுவார்கள். 'லஷ் லைஃப்' பாடலில் அதை விட முடியாது. அது நீளமானது, கதையின் பாதி அதிலேயே இருக்கிறது. மதுக்கூடங்களில் பொழுதைக் கழித்துத் திரிந்த ஒருவர், அங்கே ஒரு முகத்தைக் கண்டு, ஒரு புன்னகையைக் காதல் என்று நம்பி, ஏமாந்து போகிறார். ஹார்ட்மன் இந்தப் பகுதியைத் தாளக்கட்டு இல்லாமல் பாடுகிறார். விருத்தம் பாடும்போது சொல்லின் அளவே காலத்தின் அளவாக இருப்பதுபோல், இங்கேயும் பியானோ குரலைப் பார்த்தே நகர்கிறது. இந்தப் பகுதியில் தட்ட முயலாதீர்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொற்றொடருக்கும் எவ்வளவு நேரம் தரப்படுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு தாளம் தொடங்குகிறது. தொடங்கும் இடம் முக்கியமானது: வாழ்வு மறுபடியும் தனிமையாகிவிட்டது என்று சொல்லுமிடம் அது. நம்பிக்கை இருந்தவரை நேரம் கட்டற்று இருந்தது. ஏமாற்றம் வந்தபின் நேரம் அளவெடுத்து ஓடத் தொடங்குகிறது. ஸ்ட்ரேஹார்ன் இதை எண்ணிச் செய்தாரா என்பது என் கேள்வியன்று. ஹார்ட்மன் பாடும்போது அப்படித்தான் ஒலிக்கிறது. பாரீஸ் சென்றால் இந்த வலி தணியும் என்கிறார். அதை நம்பாமலே சொல்கிறார். இறுதியில், தன்னைப் போலவே தனித்துப்போன மற்றவர்களோடு ஏதோ ஒரு சிறு மதுக்கூடத்தில் மட்கிப் போவேன் என்று முடிக்கிறார். இவ்வளவு கசப்பான சொற்களைப் பாடும்போது அழுகையோ ஏளனமோ குரலில் சேர்ப்பது எளிது. ஹார்ட்மன் இரண்டையும் சேர்ப்பதில்லை. உண்மையைச் சொல்பவர் தணிந்து சொல்வதுபோல் சொல்கிறார். இந்தப் பாடலை இவ்வளவு பொறுமையோடு பாடிய வேறு ஆண்குரலை நான் கேட்டதில்லை.

எட்டாம் படி: ஒரே பாடலைப் பலரிடம் கேட்டல்

இதற்கு 'மை ஃபன்னி வேலன்டைன்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் 1937இல் 'பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்' நாடகத்துக்காக எழுதியது. வேலன்டைன் என்னும் பெயருடைய இளைஞனைப் பார்த்து ஒரு பெண் பாடுகிறாள்: உன் தோற்றம் சிரிப்பு மூட்டுகிறது, படம் எடுக்கத் தகுந்ததல்ல, ஆனாலும் எனக்காக ஒரு மயிரைக்கூட மாற்றிக்கொள்ளாதே என்பது பொருள். குறை சொல்லியே அன்பு காட்டும் இந்தப் பாடல் சோகச் சாயலான மைனரில் தொடங்கி, கடைசியில் மேஜருக்கு வந்து ஒளிபெறுகிறது.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956இல் பாடியது முன்னுரைப் பகுதியோடு கூடியது; எழுதிய மெட்டு எது என்பதை அறிய அதுவே சிறந்த அளவுகோல். செட் பேக்கர் 1954இல் பாடியது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவானது. அதிர்வே இல்லாத மெல்லிய குரல், ஆண் பெண் என்ற வேறுபாடு மங்கிய ஒரு தன்மை, தன் காதலை முழுதாக நம்பத் துணியாத இளைஞனின் தொனி. சாரா வாகன் 1973இல் டோக்கியோ மேடையில் பாடியதோ முற்றிலும் எதிர்த்திசை. தம் பெருங்குரலின் அடிமுதல் உச்சிவரை ஏறி இறங்கி, மெட்டை இழைத்து இழைத்துப் புதிதாக நெய்கிறார். என் மனம் அடக்கத்தின் பக்கமே சாய்கிறது. ஆனால் வாகனின் அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம், அலங்காரமும் அன்பின் மொழியாக முடியும் என்று ஒப்புக்கொள்ளவே வேண்டியிருக்கிறது. மூன்றையும் ஒரே மாலையில் கேட்காமல், ஒரு நாளைக்கு ஒன்றாகக் கேளுங்கள். அடுத்தடுத்துக் கேட்டால் காது போட்டி நடத்தத் தொடங்கிவிடும்.

ஒன்பதாம் படி: ஒரே குரலை இரண்டு வயதுகளில் கேட்டல்

பில்லி ஹாலிடே 1958 பிப்ரவரியில், ரே எல்லிஸ் அமைத்த வயலின்கள் நிறைந்த இசைக்குழுவுடன் 'லேடி இன் சாட்டின்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. குரல் உடைந்து கரகரத்திருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். 1930களின் பாடல்களைக் கேட்ட பிறகு இதைக் கேட்பது எளிதல்ல. சிலர் இதைக் கேட்கவே விரும்புவதில்லை. ஆனால் நான்காம் படியில் பழகிய காதோடு கேட்டால், குரல் போன பின்னும் நேரத்தைக் கையாளும் அந்த அறிவு அப்படியே இருப்பதைக் காணலாம். எந்தச் சொல்லை எப்போது விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது.

ஹார்ட்மனுக்கும் இதைச் செய்யலாம். 1923இல் பிறந்த அவர், ஏர்ல் ஹைன்ஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரின் குழுக்களில் பாடி வளர்ந்தவர். 1955இல் 'சாங்ஸ் ஃப்ரம் த ஹார்ட்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். கோல்ட்ரேனுடன் பாடிய பிறகும் பெரும்புகழ் அவரை நெருங்கவில்லை. 1980இல் 'ஒன்ஸ் இன் எவ்ரி லைஃப்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்து, 1983இல் மறைந்தார். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1995இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'த பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி' படத்தில் அந்த இசைத்தட்டின் பாடல்கள் ஒலித்தபோது, அவர் பெயரையே அறியாத பலர் அவரைத் தேடத் தொடங்கினார்கள்.

1955, 1963, 1980 என்னும் இந்த மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதன் கடைசி வரியின் கடைசிச் சொல்லை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, அதற்கு அவர் எத்தனை தட்டு நேரம் தந்தார் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு குறிப்பேட்டை மூடிவிட்டு, 'தே சே இட்ஸ் வொண்டர்ஃபுல்' பாடலை எதையும் எண்ணாமல் தொடக்கத்திலிருந்து ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.